பொட்டு வைத்த ஸ்க்ரூ

சாவு வீட்டில் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, நிமிராமல் அப்படியே குனிந்து நிற்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். துக்கம் தாளாமல் நிற்கிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்துவார். அவரோ பெட்டியின் ஓரத்தில் முடுக்கியிருக்கும் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது நம் காதோரம் வந்து, "எல்லாம் லோக்கல் ஸ்க்ரூ மாப்ளே, ஒண்ணுலயும் பொட்டே இல்லை" என்பார்.

பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கிப் போட்டுப் புதுப்பிக்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தான். தனிப்பட்ட யாரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. சேலத்தில் இருக்கிறார்கள், சங்ககிரியில் இருக்கிறார்கள், ராசிபுரத்தில் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். என் மனைவியின் அண்ணனும் அவர்களில் ஒருவர் என்பது தற்செயல்.

பொட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் செய்த ஸ்டார் ஸ்க்ரூவின் தலையில், நான்கு கோடும் கூடுகிற குழிக்குப் பக்கத்தில், ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி இருக்கும். நம் கடைகளில் கிடைக்கிற ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அந்தக் குழியின் அடிவரை போய் உட்காராது. பலம் கொடுத்துத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு மேலே வந்து தலையைத் தின்றுவிடும். 'இது எங்கள் ஊர் அளவு, இதற்கென்று இருக்கிற டிரைவரைப் போடு' என்று மெக்கானிக்குக்குச் சொல்லத்தான் அந்தப் புள்ளி. அவ்வளவுதான் சங்கதி. ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிற இந்தச் செய்தியை மச்சான், மன்னிக்கவும், இந்த மாதிரி ஆசாமிகள், மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஜப்பான்காரன் சும்மா வெப்பானுங்களா மாப்ளே? ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு அர்த்தம் இருக்குது."

எங்கள் கல்யாணத்தன்று தங்கையின் நெற்றிப் பொட்டு நேராக இருந்ததா என்று அண்ணன்காரர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இன்று அவர் பார்க்காத பொட்டு கிடையாது. ரேஷன் கடையில் எடை மெஷினைப் புரட்டிப் பார்த்துச் சேல்ஸ்மேனிடம் திட்டு வாங்கியிருக்கிறார். பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தபடியே, தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் ஸ்க்ரூவைக் கையால் சுட்டிக் காட்டியிருக்கிறார். வலிக்கிறது என்று நினைத்து டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். கண் டாக்டரிடம் போனபோது, "மேலே பாருங்க" என்றதற்குக் கீழே பார்த்தார். கண் பார்க்கிற மெஷினின் தாடை தாங்கியில் இருந்த நான்கு ஸ்க்ரூவிலும் பொட்டு இருந்ததாம். இனிமேல் குடும்பத்தில் யாருக்குக் கண்ணில் கோளாறு என்றாலும் அந்த டாக்டர்தான் என்று உத்தரவாகிவிட்டது. டாக்டர் எப்படி என்று கேட்டேன். "டாக்டர் கிடக்கறாரு, மெஷின் ஜப்பானுங்க" என்றார்.

போல்ட் என்றால் அது வேறு கதை. தலையில் வெறும் 7 என்று இருந்தால் முகம் மலரும். 8.8 என்று இருந்தால் 'அது நம்மளுது' என்று ஒதுக்கிவிடுவார். பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பழைய ஜப்பான் கார் என்றால் வேறென்ன, மாருதி 800-இன் முதல் உருப்படிதான். சப்பை மூக்கு, சதுர முகம், 12 அங்குலச் சக்கரம். 1986-இல் உருவம் மாறுவதற்கு முன்னால் வந்தது. அது மாருதிதானே, ஜப்பான் எப்படி ஆகும் என்று மச்சான் எதிரில் கேட்டுவிடாதீர்கள். சுசூகி ஃப்ரான்டே எஸ்எஸ்80 என்று ஜாதகத்தை ஆரம்பிப்பார். 1979-இல் ஜப்பானில் ஆல்டோவும் புது உருவத்து ஃப்ரான்டேயும் வெளிவந்தது, 1982 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டது, முதலில் வந்த வண்டிகளுக்குச் சாமான் எல்லாம் ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து குர்கானில் பூட்டப்பட்டது, எல்லாம் தேதியோடு வரும். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் இந்திரா காந்தி முதல் சாவியை ஹர்பால் சிங் என்கிறவர் கையில் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார். அந்த வண்டியின் எண் டி.ஐ.ஏ. 6479. இது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். என் போன் நம்பர் வராது. "ஹர்பால் சிங் 2010-ல தவறிட்டாரு மாப்ளே, வண்டி அவர் வீட்டு வாசல்லயே துருப்பிடிச்சு நின்னுது. அப்புறம் கம்பெனியே எடுத்துப் புதுசு பண்ணி ஆபீஸ்ல வெச்சிருக்குது" என்று சொல்லும்போது குரல் கம்மும். எங்கள் பெரியப்பா தவறியதும் 2010-இல்தான். அதைச் சொன்னால், "ஓ, அந்த வருஷமுங்களா" என்பார்.

1983-இல் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்துவிட்டு லட்சம் பேருக்கு மேல் காத்திருந்தார்கள். வண்டி விலையே ஐம்பதாயிரத்தைச் சுற்றித்தான். மச்சானின் 1984 வண்டிக்கு இதுவரை ஆன செலவு எவ்வளவு என்று என் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதவில்லை.

வண்டி கிடைத்த இடம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. தீவன மூட்டைக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து வருடம் நின்றிருக்கிறது. பண்ணைக் கோழிகளெல்லாம் கூண்டில் ஒழுங்காக முட்டை வைத்துக்கொண்டிருக்க, வீட்டுக்கு வளர்த்த நாட்டுக் கோழிகள் மட்டும் இந்தக் காரின் பின் சீட்டைத் தேர்ந்தெடுத்து அடைகாத்து வந்திருக்கின்றன. கோழி எச்சம் இரும்புக்கு எமன். கால் வைக்கிற தகரம் முழுக்கக் கரைந்து, உள்ளே உட்கார்ந்தால் மண் தரையில் கால் ஊன்றலாம். அந்தக் காலத்து மாட்டு வண்டியில்கூட அடியில் பலகை இருக்கும். பண்ணைக்காரர் பழைய இரும்புக் கணக்கில் விலை சொன்னார். மச்சான் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே ஒரு பொட்டு தெரிந்தது. கேட்டதற்கு மேல் இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ரெண்டே வாரம் மாப்ளே. உங்க போர்ட்டிகோவுல நிக்கட்டும். எங்க வீட்டுச் சந்துல வண்டி திரும்பாதுங்க."

கல்யாணத்தில் சீராகக் கார் கொடுக்கவில்லையே என்று நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினெட்டு வருடம் கழித்து அதுவாகவே வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். இவரைப் போலவே ஆளுக்கொரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு, அடுத்தவர் வண்டிக்கு உதவி செய்ய அலைகிற ஆறு பேர். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர். கொலுசுச் சலங்கையின் பற்றவைப்பைப் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கையில் வாங்கி, "பொட்டு இருக்குதுங்ணா, ஆனா மங்கலா இருக்குது" என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி ஒருவர். வடநாடெல்லாம் போய் ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணீர் கண்ட மனிதர், கதவின் உள்பக்கத்தில் தலை தேய்ந்துபோன ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற மூன்று ஞாயிறு போராடினார். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் பாகங்களின் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு வந்து, சுசூகியின் பத்து இலக்க எண்களை வாய்ப்பாடு போல வாசிப்பார். மற்றவர்கள் டீ குடிப்பார்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டி ஓய்ந்த மேஸ்திரி ஒருவர்தான். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் லாரி எப்படி வரும் என்று நம் ரோட்டில் பார்த்திருப்பீர்கள். கேபின் கிடையாது. பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூசியும் வெயிலும் முகத்தில் அடிக்க டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவார். அது பட்டறைக்குள் போனால் சில வாரத்தில் கேபின், தொட்டி, வண்ணம், பக்கவாட்டில் இரண்டு மயில், முகப்பில் சாமி பெயர் எல்லாமாகப் பூமாலை போட்டுக்கொண்டு வெளியே வரும். இந்தியா முழுக்கக் கேஸ் சுமக்கிற டேங்கரையே கட்டித் தருகிற ஊர். மேஸ்திரி போர்ட்டிகோத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாஷரைச் சுற்றி ஐந்து பேர் விவாதிப்பதைப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு நான் பன்னெண்டு வண்டி எறக்கியிருப்பனுங்க" என்றார் என்னிடம். அப்படியானால் ஏன் வருகிறீர்கள் என்றேன். "வீட்ல சும்மா இருந்தா மருமக எதாச்சும் வேலை சொல்லுதுங்க."

உண்மையில் வண்டியின் தரையைப் போட்டவர் அவர் ஒருவர்தான். துருப்பிடித்ததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகரத்தை அளந்து மடித்து, அடித்துப் பதம் பார்த்துப் பற்றவைத்து, இரண்டே நாளில் முடித்தார். அப்படி ஒரு அழகான வேலை. அதைப் பாராட்டாமல் மற்ற ஐவரும் சேர்ந்து, ஜப்பான் தகரத்தின் கனம் இதைவிடக் கொஞ்சம் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு மேஸ்திரி டீ குடிக்காமல் போனார்.

ஒருவர் பூட்டியதை அடுத்தவர் கழற்றுவதுதான் இவர்கள் அகராதியில் ஒத்தாசை. ஜப்பான் கார்புரேட்டர்தான் வேண்டும் என்று ஆறு மாதம் ஓடியது. பின்னாளில் மிகுனி தொழில்நுட்பத்தில் சென்னைப் பக்கமே செய்தது நன்றாக வேலை செய்யும் என்று ரிக் முதலாளி ஒன்றை வாங்கியும் வந்தார். அதில் பொட்டு இல்லை. ஓரம் வைக்கப்பட்டது. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது முகூர்த்த நேரத்தில் மச்சானைக் காணோம். புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஒரு தகர டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார், பட்டு வேட்டியோடு. இதே கார் பாகிஸ்தானில் சுசூகி எஃப்எக்ஸ் என்ற பெயரில் ஓடியது என்பதை விரிவுரையாளர் ஒரு நாள் சொல்லித் தொலைத்தார். கராச்சியில் இதன் பின் விளக்கு இன்னும் கிடைக்கலாமாம். அன்று முதல் இரு நாட்டு உறவு சீராக வேண்டும் என்று உளமார ஏங்குகிற ஒரு மனிதர் ராசிபுரத்தில் இருக்கிறார். செய்தியில் எல்லையில் பதற்றம் என்று வந்தால், "அப்போ டெயில் லேம்ப்பு?" என்பார்.

சட்டப்படி இது விண்டேஜ் வண்டியே கிடையாது என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். மத்திய அரசு 2021-இல் போட்ட விதிப்படி 50 வருடம் ஆனால்தான் விண்டேஜ், அதற்கு 'வி.ஏ.' என்று தனி எண் வரிசை, புதிதாகப் பதிய 20 ஆயிரம் ரூபாய். 1984 வண்டிக்கு அந்த மரியாதை 2034-இல்தான் வரும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்டவும் கூடாது. மச்சான் கலங்கவில்லை. "அதுக்குள்ள முடிச்சிருவமுங்க" என்றார்.

ஆர்.சி. புத்தகத்தில் சேலம் என்று இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் பிறந்ததே 1997-இல்தானே. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மாவட்டத்துக்கே மூத்தது மாப்ளே இது" என்று தடவிக்கொடுப்பார். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது 2022 ஏப்ரலில். மார்ச்சிலேயே போய்ப் புதுப்பித்துவிடுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அவர் கதவுக் கைப்பிடிக்கு ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தார்.

என் மனைவி சாயா அந்தக் காரின் கூரையில் வடகம் காய வைத்தாள். மூன்று வருடத்தில் அந்த வண்டியால் இந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். மச்சான் வந்து பார்த்துப் பதறிப்போய், "உப்பு சாயா, உப்பு! தகரத்தைத் தின்னுருமுல்ல!" என்று துணியோடு வடகத்தைத் தூக்கிக் கொண்டுவந்து என் காரின் மேல் விரித்தார்.

என் காரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். நாமக்கல் ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. 18 அடி உயரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். அவர் கடவுள், தாங்குவார். என் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சம், வேப்பம்பழம், சித்திரை வெயில். டேஷ்போர்டு வெடித்துவிட்டது. வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இரண்டு முறை பிய்ந்துவிட்டது. என் கடனில், என் சம்பளத்தில் வாங்கிய வண்டி. அதற்காகக் கட்டிய போர்ட்டிகோ. என் சாக்கெட் ஸ்பேனர் செட்டை மச்சான் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. அதில் பத்தாம் நம்பர் தொலைந்துவிட்டது என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஆவணியில் என் மனைவியின் தோட்டுத் திருகாணி ஒன்று கழன்று விழுந்துவிட்டது. தங்கம். அதே போர்ட்டிகோவில், அதே காருக்குப் பக்கத்தில். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேரும் இருந்தார்கள். "அது எங்கீயும் போவாது சாயா, கூட்டும்போது கெடைக்கும்" என்றார் அண்ணன். யாரும் எழுந்திருக்கவில்லை. கிடைக்கவும் இல்லை. அதற்கு அடுத்த மாதம், கார்புரேட்டர் மேல்மூடியின் ஸ்க்ரூ ஒன்று துள்ளி விழுந்தது. ஜப்பான் ஸ்க்ரூ. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர் லென்ஸோடு குப்புறப் படுத்தார். ரிக் முதலாளி பூந்தொட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, விரிவுரையாளர் மண்ணைச் சல்லடையில் சலித்தார். இரவு ஒன்பது மணி ஆனது. என் மனைவி எல்லோருக்கும் உப்புமா கிளறினாள். பரிமாறும்போது காதில் ஒற்றைத் தோடுதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அந்த ஒரு ஸ்க்ரூ கிடைக்காததால்தான் வண்டி இன்னும் என் வீட்டில் நிற்கிறது. வேறு ஸ்க்ரூ போடலாம், நாலணாப் பெறாத சாமான். போட மாட்டார்கள்.

ஆனால் ஒரு தடவை ஓட விட்டார்கள். தை மாதம், ஒரு விடியற்காலை. மேல்மூடியைத் தற்காலிகமாகக் கம்பியால் கட்டி, கேனில் பெட்ரோல் தொங்கவிட்டு, ரிக் முதலாளி பேட்டரியைக் கொடுக்க, மச்சான் சாவியைத் திருப்பினார். நாலைந்து முறை முக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., லேசாக உடம்பைக் குலுக்கிக்கொண்டு, யாரோ அடுத்த அறையில் உட்கார்ந்து தையல் மெஷின் மிதிப்பது மாதிரி ஒரு சத்தம். ஏழு பேரும் பேசவில்லை. இவர்கள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். மேஸ்திரிகூட வந்திருந்தார். மச்சான் இறங்கி, டிரைவர் பக்கத்துக் கதவை ஒரு முறை திறந்து சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார்.

ராத்திரி என் மனைவிதான் சொன்னாள். மாமனார் சங்ககிரியில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டியவர். முதலாளி வீட்டில் முதல் மாருதி வந்து நின்றபோது மச்சானுக்கு ஒன்பது வயது. அப்பாவோடு போனவர், யாரும் பார்க்காதபோது கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்திருக்கிறார். லாரிக் கதவு போல அறைந்து சாத்த வேண்டியதில்லை, தொட்டால் மூடிக்கொள்கிறதே என்று. பார்த்துவிட்டார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் அந்த இடத்திலேயே அடித்தார்.

"அதுக்கு எனக்கெதுக்கு தண்டனை?" என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை போர்ட்டிகோவைக் கழுவிவிட்டுக் கால்மிதியை உதறினேன். டங் என்று ஒன்று விழுந்தது. அவள் திருகாணிதான் என்று பாய்ந்து எடுத்தேன். தங்கமில்லை. வெயிலில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில், ஊசி முனையளவு.

யாரிடமும் சொல்லவில்லை. சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பேனர் செட் வர வேண்டும், பத்தாம் நம்பரோடு. போர்ட்டிகோ தரையை அமிலம் போட்டுக் கழுவித் தர வேண்டும். ஆறு பேரும் ஒரு ஞாயிறு முழுக்கக் காந்தமில்லாமல், தங்கம் காந்தத்தில் ஒட்டாது, கையால் தடவித் தடவி அந்தத் திருகாணியைத் தேட வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"மாப்ளே, நாளைக்கு எல்லாரும் வர்றாங்க. இன்னொருக்கா தரையைப் பாத்துருவோம்ன்னு இருக்குதுங்க."

"வரச் சொல்லுங்க மச்சான்" என்றேன். அடுப்படியில் மனைவி, "ஏனுங்க, ஏழு பேருக்கு டீ போடணுமா, எட்டுப் பேருக்கா?" என்றாள்.